ஆக்ரிக் கடை டேப்லெட்டில் புது லினக்ஸ்: முதல்முறை போர்ட் செய்கிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பழைய சாமான் வாங்கும் இடத்தை ஆக்ரிக் கடை என்போம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டால் அதுவே பழைய இரும்புக் கடை. பெயர் மாறினாலும் உள்ளே கிடக்கும் சாமான் மாறுவதில்லை. மிக்ஸி மோட்டார், செட்டாப் பாக்ஸ், அவற்றுக்கு அடியில் திரை கீறிய ஏழு அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள். 2012, 2013 வாக்கில் வந்த மாடல்கள் அவை. அதில் இருக்கும் ஆண்ட்ராய்டு 4.0-ஐ வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு இணையதளம்கூட ஒழுங்காகத் திறக்காது. ஆனால் போர்டு சாகவில்லை. 1 கிகாஹெர்ட்ஸ் சிப், 512 எம்பி ராம், தொடுதிரை, வைஃபை எல்லாம் அப்படியே இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்கவும், 1998 முதல் மதுரைத் திட்டம் மின்னூலாக்கி வைத்திருக்கும் நூல்களைத் திறக்கவும் அது போதும்.

எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரளப் பள்ளிகளின் கணினி அறைகளில் ஓடுவது கைட் குனு/லினக்ஸ். அதனால் இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் லினக்ஸ் புதிதல்ல. என் சர்வீஸ் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் பையன்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஸ்கூல்ல ஓடற லினக்ஸ் இதுல ஓடாதுங்களா?"

ஓடும். பென்டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்கிற மாதிரி மட்டும் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் நேராக இன்ஸ்டால் ஆகாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மேசைக் கணினியில் பயாஸ் என்று ஒன்று இருந்து, இந்த இடத்தில் வட்டு, இந்த இடத்தில் கீபோர்டு என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிடுகிறது. இந்தப் பழைய டேப்லெட்டுகளில் இருப்பது ஆர்ம் வகைச் செயலி (ப்ராசசர்), அங்கே அப்படிச் சொல்ல ஆளே இல்லை. தொடுதிரையின் ஒயர் சிப்பின் எந்தக் காலில் போய்ச் சேர்கிறது, பின்னொளியை ஏற்றும் கால் எது, எந்தப் பாகத்துக்கு எத்தனை வோல்ட் என்பதையெல்லாம் நாம் எழுதிக் கொடுத்தால்தான் லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தெரியும். இந்த டேப்லெட் விஷயத்தில் போர்ட் செய்வது என்றால் பெரும்பாலும் இந்த எழுத்து வேலைதான்.

போர்ட்டிங்கில் மூன்று அளவு உண்டு. எங்கள் பக்கத்து ரயில் பாதையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கர்னலுக்கே பழக்கமில்லாத ஒரு புது செயலி வகைக்குக் கொண்டுபோவது, மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்குகிற மாதிரி. பாலம், மேடை, பாயின்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். செயலி பழகியது, ஆனால் அதையும் மற்றப் பாகங்களையும் சேர்த்து அடக்கிய சிப் புதியது என்றால் ஒரு கிளைப்பாதை போடுகிற வேலை. சிப்பும் பழகியது, போர்டு மட்டும் புதியது என்றால் இருக்கிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன் கட்டினால் போதும். புதிதாக வருகிறவர் மூன்றாவதை மட்டுமே எடுக்க வேண்டும். ஆர்வத்தில் முதலாவதைத் தொட்டுவிட்டு, ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த டேப்லெட்டை எடுப்பது

பின்மூடியை ஒரு பழைய ஏடிஎம் கார்டால் நெம்பித் திறங்கள். போர்டின் நடுவில் இருக்கும் பெரிய சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆல்வின்னர் ஏ13 என்று இருந்தால் நல்ல தொடக்கம். இது ஒற்றை கார்ட்டெக்ஸ்-ஏ8 செயலி கொண்டது. 2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8-லேயே இந்தக் குடும்பத்துக்கு அடிப்படை ஆதரவு சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பலர் பல வருடம் உழைத்து ஒவ்வொரு பாகமாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் ஏறி நின்றுதான் நாம் நம் ஸ்டேஷனைக் கட்டப்போகிறோம். வேறு சிப்பாக இருந்தால், கர்னல் மூலக்கோப்புகளில் அந்தப் பெயரைத் தேடுங்கள். சிப்பின் பெயரே அங்கே இல்லையென்றால் அந்த டேப்லெட்டைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் மறு பேச்சில்லாமல் கழற்றிவிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியின் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் வைப்பது உயிரோடு விளையாடுவது. சில போர்டுகள் பேட்டரி இல்லாமல் எழாது. அவற்றுக்கு நல்ல பேட்டரி ஒன்று தேடி மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது

இதை விட்டுவிட்டு எல்லோரும் நேராக லினக்ஸுக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள். ஆல்வின்னர் போர்டுகளில் தயாரிப்பாளர் அந்தப் போர்டின் விவரம் முழுவதையும் ஸ்கிரிப்ட்-பின் என்ற ஒரே கோப்பில் அடைத்து, உள் நினைவகத்தின் முதல் பகுதியில் வைத்திருப்பார். ஆண்ட்ராய்டு எழுகிறது என்றால் கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் ஏடிபி கருவி வழியாக ரூட் (முழு) அனுமதியோடு உள்ளே போய், நாண்ட்-ஏ என்ற அந்தப் பகுதியை மவுண்ட் செய்து, கோப்பைக் கணினிக்கு எடுத்துவிடலாம். பிறகு சன்க்ஸி-டூல்ஸ் தொகுப்பில் இருக்கும் கருவியால் அதைப் படிக்கக்கூடிய ஃபெக்ஸ் உரையாக மாற்றுங்கள்.

அந்த உரையை அச்சடித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். ராமின் வேகம், திரையின் அளவு, தொடுதிரை எந்தக் காலில், வைஃபை எந்த வகை என்று எல்லாமே அதில் இருக்கும். வீட்டுப் பத்திரம் மாதிரி பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒவ்வொரு படியிலும் அதைப் புரட்டுவீர்கள். ஆண்ட்ராய்டு ஓடும்போதே, தொடுதிரைக்கும் வைஃபைக்கும் எந்தெந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்ற பட்டியலையும், தொடுதிரைச் சிப்புக்குள் ஏற்றும் நிரலான ஃபர்ம்வேரையும் எடுத்துவிடுங்கள். சைலீட் வகைத் தொடுதிரை என்றால் ஃபர்ம்வேர் இல்லாமல் அது அசையாது.

சீரியல் கம்பி: இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்

டேப்லெட்டின் திரை கடைசியில்தான் எரியும். அதுவரை அந்த இயந்திரம் நம்மோடு பேச ஒரே வழி யூஆர்ட் என்கிற சீரியல் கம்பி. அந்தக் கம்பி கிடைக்காமல் வேலையைத் தொடங்குவது, கிணற்றுக்குள் இறங்கினவன் குரல் கேட்காமல் மேலிருந்து கயிறு விடுகிற மாதிரி. எந்தப் படியில் தவறு என்றே தெரியாது.

போர்டின் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு சின்னச் செம்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். யூஎஸ்பி சாக்கெட்டின் உலோகக் கூட்டோடு பீப் சத்தம் தருகிற புள்ளி கிரவுண்ட். டேப்லெட்டை ஆன் செய்துவிட்டு மற்றப் புள்ளிகளின் வோல்ட்டேஜைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில் நின்று, பூட் ஆகும்போது மட்டும் மீட்டர் துடிக்கிறதா? அதுதான் டிஎக்ஸ், டேப்லெட் பேசும் வாய்.

கணினிப் பக்கம் ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வேண்டும். சிபி2102, சிஎச்340 எதுவானாலும் சரி. டேப்லெட்டின் டிஎக்ஸை அடாப்டரின் ஆர்எக்ஸில் கொடுங்கள், அந்தப் பக்கத்து டிஎக்ஸை இந்தப் பக்கத்து ஆர்எக்ஸில் கொடுங்கள். ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போக வேண்டும் அல்லவா? கிரவுண்டை கிரவுண்டோடு சேருங்கள். நான்காவது கம்பியான விசிசியை எங்கேயும் கொடுக்காதீர்கள். அடாப்டரில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று ஜம்பர் இருந்தால் கட்டாயம் 3.3-ல் வையுங்கள். என் முதல் போர்டு அந்த ஜம்பரைப் பார்க்காததால் போனது. பெரிய சிப்பின் சீரியல் கால் எரிந்தது, அதன் பிறகு அந்த டேப்லெட் ஒரு எழுத்துகூடப் பேசவில்லை. இன்றும் ஒவ்வொரு முறையும் ஜம்பரை மீட்டரில் அளந்த பிறகே கம்பியைத் தொடுகிறேன்.

புள்ளிகளே இல்லாத போர்டும் உண்டு. ஏ13-ல் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் யூஆர்ட்டை மைக்ரோ எஸ்டி கார்டு சாக்கெட்டின் கால்களுக்குத் திருப்பிவிடலாம். கார்டின் கிளாக் கால் டிஎக்ஸ் ஆகும், நான்காவது டேட்டா கால் ஆர்எக்ஸ் ஆகும். எஸ்டி கார்டு நீட்டிப்புப் பலகை ஒன்று வாங்கினால் சால்டரிங்கே வேண்டாம். கார்டு சாக்கெட் பேச்சுக்குப் போய்விடுவதால், பூட் செய்வதற்கான கோப்புகளை யூஎஸ்பி வழியாக அனுப்ப வேண்டியிருக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

கணினியில் சீரியல் எழுத்துகளைக் காட்ட மினிகாம் அல்லது பிகோகாம் நிரல் போதும். வேகம் 115200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் வேகம் தவறு, அல்லது கிரவுண்ட் கம்பி ஆடுகிறது. எழுத்து வருகிறது ஆனால் நாம் தட்டுவது போகவில்லை என்றால் மினிகாமில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை அணையுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன், நீங்கள் தொலைக்க வேண்டாம்.

அந்தப் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினான். கறுப்பு ஜன்னலில் வரிகள் ஓடின. "அண்ணா, எழுத்து வருதுங்க!" என்று கத்திவிட்டான். வந்தது பழைய ஆண்ட்ராய்டின் பூட் வரிகள்தான். ஆனால் ஆக்ரிக் கடையில் கிலோ விலைக்குக் கிடந்த ஒன்று அவனிடம் பேசிவிட்டது. அதற்குப் பிறகு அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

எழும் வரிசை

ஏ13-க்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள்ளேயே பொறித்த சின்ன நிரல், பிராம் என்பார்கள். அது முதலில் எஸ்டி கார்டைப் பார்க்கும். கார்டில் 8 கிலோபைட் தள்ளி ஒரு பூட்லோடர் (கர்னலை ஏற்றிவிடும் நிரல்) இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் உள் நினைவகத்துக்குப் போகும். எங்குமே ஒன்றும் இல்லையென்றால் ஃபெல் என்ற நிலைக்குப் போய் யூஎஸ்பியில் காத்திருக்கும்.

புதியவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பிராமை யாராலும் அழிக்க முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவது அந்த மாதங்களில் சாதாரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேப்லெட் செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கார்டில்தான் எழுதுகிறோம். கார்டு கெட்டால் மறுபடி எழுதலாம், கார்டை உருவினால் பழைய ஆண்ட்ராய்டே எழும். உள் நினைவகத்தை மட்டும் தொடாதீர்கள். இந்த டேப்லெட்டுகளில் இருக்கும் எம்எல்சி வகை நாண்டில் (உள் நினைவகச் சிப்பில்) இன்றைய கர்னலை நம்பி எழுத முடியாது.

ஃபெல் நிலையைச் சோதித்துவிடுவோம். வால்யூம் பட்டன் ஒன்றை அழுத்திப் பிடித்தபடி யூஎஸ்பி கம்பியைச் செருகி, பவர் பட்டனைச் சிலமுறை தட்டுங்கள். கணினியில் யூஎஸ்பி பட்டியலில் 1எஃப்3ஏ என்று தொடங்கும் அடையாள எண் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். சன்க்ஸி-ஃபெல் கருவியிடம் பதிப்பைக் கேட்டால் 1625 என்ற எண்ணோடு ஏ13 என்று பதில் வரும். இந்த வழியில் பூட்லோடர், கர்னல் எல்லாவற்றையும் நேராக ராமுக்கே தள்ளி ஓட்டிப் பார்க்கலாம். கார்டைக் கழற்றி மாட்டி விரல் தேய வேண்டியதில்லை.

யூ-பூட்

நாம் கார்டில் எழுதப்போகும் பூட்லோடர்தான் யூ-பூட். அதைக் கட்ட, கணினியில் ஓடி ஆர்முக்கான நிரலைத் தரும் ஆர்ம் ஹார்டு-ஃப்ளோட் கிராஸ் கம்பைலரை நிறுவுங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். யூ-பூட் மூலத்தை எடுத்து, கியூ8 ஏ13 டேப்லெட் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை அடிப்படையாக வையுங்கள். கியூ8 என்பது அந்தக் காலத்தில் பல பெயர்களில் விற்ற ஒரே மாதிரி ஏழு அங்குல டேப்லெட் உடல். உங்கள் டேப்லெட்டும் அதன் உறவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அமைப்பைப் பிரதி எடுத்து உங்கள் பெயர் வைத்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஒரு கமிட் (பதிவு) போடுங்கள். இனி ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு கமிட். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்து எழாமல் போனால், எது காரணம் என்று தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும்.

இங்கே நீங்கள் தொட வேண்டியது ராம் வேகம். ஃபெக்ஸில் 432, 480 என்று எழுதியிருந்தாலும் முதலில் 384 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். மெதுவான ராமால் கெடுதல் இல்லை. ஆனால் ராம் தடுமாறினால் பிழை எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் தலைகாட்டும், கர்னலைச் சந்தேகப்பட்டு வாரக்கணக்கில் அலைவீர்கள். எல்லாம் எழுந்த பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டரை ஒரு ராத்திரி ஓடவிட்டு, பிறகு வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

கட்டி முடித்த கோப்பை கார்டில் 8 கிலோபைட் தள்ளி டிடி கட்டளையால் எழுதுங்கள். எழுதும் முன் கார்டின் சாதனப் பெயரை இரண்டு தடவை பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் உங்கள் மடிக்கணினியின் வட்டு போய்விடும். கார்டைப் போட்டு ஆன் செய்ததும் சீரியலில் எஸ்பிஎல் என்று ஒரு வரி, பிறகு ராம் 512 என்று ஒரு வரி வர வேண்டும். முதல் வரி வந்து அங்கேயே நின்றால் ராம் எண்களில் தவறு. இரண்டும் வந்தால் ஏதாவது ஒரு விசையைத் தட்டி யூ-பூட்டின் கட்டளை வரியில் நிறுத்துங்கள்.

மின்சாரம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏஎக்ஸ்பி209 என்ற தனிச் சிப் ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. மென்பொருளால் போர்டை நிஜமாகவே கெடுக்க முடிகிற இடம் இது. செயலிக்கு 1.4 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். ஃபெக்ஸில் இல்லாத எண்ணை எந்தப் பாகத்துக்கும் கொடுக்காதீர்கள்.

கர்னல் எழுகிறதா

கர்னலில் சன்க்ஸி என்று தயாராக ஒரு அமைப்பு இருக்கிறது, முதல்முறைக்கு அதில் கை வைக்க வேண்டாம். கர்னலும், போர்டின் விவரத்தை அதற்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பும் கட்டி முடிந்ததும், உடனே டெபியனை ஏற்றாதீர்கள். அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய பிஸிபாக்ஸை ஸ்டாட்டிக்காக (வேறு நூலகக் கோப்பு தேவைப்படாதபடி) கட்டி, ப்ராக், சிஸ், டெவ் மூன்றையும் மவுண்ட் செய்து ஷெல்லைக் கூப்பிடும் நாலு வரி இனிட் ஸ்கிரிப்ட்டோடு (கர்னல் முதலில் ஓட்டுவது இதைத்தான்) ராமிலேயே ஓடும் சின்னக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்ட்டுக்கு இயக்கும் அனுமதி கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

யூ-பூட் "கர்னலைத் தொடங்குகிறேன்" என்று கடைசியாக ஒரு வரி போடும். அதோடு சத்தமே இருக்காது. போர்ட் செய்கிற எல்லோரும் இந்த மௌனத்தில் வந்து நின்றிருப்பார்கள். கர்னல் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல சமயம் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத்தான் கேட்காது. முதலில் பூட் கட்டளையில் எர்லிகானைச் சேருங்கள். வழக்கமான சீரியல் டிரைவர் எழும் முன்பே கர்னலைப் பேசவைப்பது இதுதான்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் போர்டில் சீரியல் புள்ளிகள் யூஆர்ட் 1-ல் இருந்தன. அதனால் பையன் கன்சோலை டிடிஒய்எஸ்1 என்று எழுதினான். எர்லிகான் வரிகள் வந்தன, பாதியில் நின்றன. மாலை நாலு மணி ஆகிவிட்டது. டிவைஸ் ட்ரீயைத் திறந்து மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். மாற்றுப்பெயர்ப் பகுதியில் சீரியல்0 என்றால் யூஆர்ட்1 என்று ஒரு வரி இருந்தது. வன்பொருளில் 1 என்பது கர்னலின் கணக்கில் 0. கன்சோலை டிடிஒய்எஸ்0 ஆக்கியதும் எல்லா வரிகளும் மடமடவென்று கொட்டின.

இந்தக் கட்டத்தில் "இனிட் கிடைக்கவில்லை" என்று கர்னல் பேனிக் வந்தால் சந்தோஷப்படுங்கள். செயலி, ராம், டைமர் எல்லாம் சரியாகி, கர்னல் கடைசிப் படிவரை வந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சம் உங்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் சின்னப் பிழை மட்டுமே.

டிவைஸ் ட்ரீ எழுதுவது

டிவைஸ் ட்ரீ ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்துக் கருத்து, ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்களில் முன்பே இருந்தது. ஆர்ம் பக்கம் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி கோப்பு எழுதிக் குவித்ததை 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகு, இந்த வழி வேகமாகப் பரவியது. சிப்புக்குப் பொதுவானது ஒரு கோப்பில் ஏற்கெனவே இருக்கும். உங்கள் போர்டுக்கு மட்டும் உரியதை நீங்கள் இன்னொரு கோப்பில் எழுதுகிறீர்கள்.

ஒரு தொடுதிரையை எடுத்துக்கொள்வோம். ஃபெக்ஸில் தொடுதிரைப் பகுதியைப் பார்த்தால் இன்டரப்ட் கால் பிஜி11, எழுப்பும் கால் (பவர் கால்) பிபி03 என்று இருக்கும். டிவைஸ் ட்ரீயில் காலை எழுத்தால் எழுதுவதில்லை, எண்ணால்தான். ஏ என்றால் 0, பி என்றால் 1, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஜி என்றால் 6. ஆக இன்டரப்ட் "6 11", பவர் கால் "1 3". இதை விரல் விட்டு எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஏ-வை 1 என்று தொடங்கிவிட்டால் தொடுதிரைக்குப் போக வேண்டிய கட்டளை வேறு எதற்கோ போகும்.

அடுத்தது, தொடுதிரை எந்த ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பிப் பாதை) என்ன முகவரியில் இருக்கிறது என்பது. பிஸிபாக்ஸ் ஷெல்லிலிருந்தே ஐ2சி பஸ்ஸைத் துழாவலாம். சைலீட் சிப் பெரும்பாலும் பதினாறடிமானத்தில் 40 என்ற முகவரியில் பதில் சொல்லும். பதிலே இல்லையென்றால் பவர் கால் இன்னும் ஏறவில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தொட்டால் புள்ளி தலைகீழாக ஓடுகிறது, அல்லது இடவலம் மாறுகிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அச்சைத் திருப்ப டிவைஸ் ட்ரீயில் தனி வரிகள் உண்டு.

திரை

தொடக்கத்தில் திரையை யூ-பூட்டிடம் விட்டுவிடுங்கள். அது எரியவைத்த திரையை கர்னல் சிம்பிள்எஃப்பி வழியாக அப்படியே வாங்கிக்கொள்ளும். யூ-பூட்டுக்குக் கொடுக்க வேண்டிய எண்களும் ஃபெக்ஸில்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் டேப்லெட்டின் ஃபெக்ஸில் 800க்கு 480 திரைக்குக் கிடைமட்ட மொத்தம் 1055, செங்குத்து மொத்தம் 1050, புள்ளி வேகம் 33 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. 480 வரித் திரைக்கு 1050 ஏன்? ஃபெக்ஸில் செங்குத்து மொத்தத்தை இரட்டித்து எழுதுவார்கள். பாதியாக்கினால் 525. சரியா என்று வகுத்துப் பாருங்கள். 1055-ஐ 525-ஆல் பெருக்கி, 33,000,000-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு 60க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது சரியான திரை வேகம். 1050-ஐ அப்படியே வைத்தால் 30 தான் வரும், படம் நடுங்கும் அல்லது வராது. இன்னொன்று, ஃபெக்ஸில் இருக்கும் பின்விளிம்பு எண்ணுக்குள் சிங்க் அகலமும் சேர்ந்தே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

திரை கறுப்பாகவே இருந்தால் இருட்டறையில் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை. அப்படியானால் எண்களை மாற்றிக்கொண்டிருக்காமல் பின்னொளிக் காலைத் தேடுங்கள்.

டெபியனும் தமிழும்

இனி மேசைக் கணினி வேலைதான். டிபூட்ஸ்ட்ராப் கருவியைக் கொண்டு ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) டெபியனைக் கார்டின் இரண்டாம் பகுதியில் இறக்குங்கள். வைஃபை பெரும்பாலும் உள்ளே யூஎஸ்பியில் இருக்கும் ரியல்டெக் சிப், டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் தொகுப்பு மட்டும் வேண்டும். வைஃபை கிடைத்தும் தளங்கள் திறக்காவிட்டால் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிய டேப்லெட்டில் தேதி பின்னால் போயிருக்கும், பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று சொல்லிவிடும். 32 பிட் இயந்திரங்களுக்கு 2038 ஜனவரியில் தேதிக் கணக்கு தீர்ந்துவிடும் என்ற பழைய பயத்துக்கும் விடை வந்தாயிற்று. 2025-ல் வந்த டெபியன் 13-ல் ஆர்ம்எச்எஃப்பும் 64 பிட் நேரக் கணக்குக்கு மாறிவிட்டது.

கறுப்புக் கன்சோலில் தமிழைத் தேடாதீர்கள். எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாததால் அங்கே கொம்பும் காலும் ஒழுங்காக வராது. இலேசான வரைகலைச் சூழல் ஒன்றும் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவும் நிறுவினால் "கொழிஞ்சாம்பாறை" என்று சரியாகத் தெரியும். படம் வரைய ஏ13-க்குள் இருக்கும் மாலி-400 பாகத்தின் லிமா டிரைவர் 2019-ல் வந்த கர்னல் 5.2 முதல் உள்ளேயே இருக்கிறது. 512 எம்பி ராமில் பெரிய உலாவியை ஓட்டினால் மூச்சு வாங்கும். இணையம் இல்லாமல் விக்கிப்பீடியாவைக் காட்டும் கிவிக்ஸ் சர்வரை ஒரு டேப்லெட்டில் ஓட்டி, தமிழ் விக்கிப்பீடியாவை அதில் வைத்தால், பக்கத்தில் இருக்கும் மற்ற டேப்லெட்டுகள் வைஃபையில் அதைப் படிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சுவிட்ச் போட்டால் போதும், டேட்டா கார்டு வேண்டாம்.

எழுதிய டிவைஸ் ட்ரீயை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கர்னல் மூலத்தோடு வரும் செக்பேட்ச் கருவியில் கொடுத்துத் திருத்தி, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கேயே இருக்கும் இன்னொரு கருவியிடம் கேட்டு, உங்கள் பெயரில் கையொப்ப வரியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். திருத்தச் சொல்லிப் பதில் வரும். முதல் தடவையே ஏற்றுக்கொள்ளப்படுவது அபூர்வம். பதிலில் கேட்டதை மட்டும் திருத்தி இரண்டாம் பதிப்பு என்று குறித்து மறுபடி அனுப்புங்கள்.

ஒவ்வொரு டேப்லெட்டின் பின்மூடிக்குள்ளும் நாங்கள் மார்க்கரில் நாலு விஷயம் எழுதி மூடுகிறோம்: சிப்பின் பெயர், டிஎக்ஸ் புள்ளி எந்தப் பக்கம், ராம் வேகம், இன்னும் வேலை செய்யாத பாகம். இப்போது மேசையில் இருப்பதில் நாலாவது வரி "முன் கேமரா, உறக்க நிலை". பையன் அடுத்த ஞாயிறு உறக்க நிலையில் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.